பச்சரிசித் தவிட்டு எண்ணெயில் மட்டும் மெத்தில் எஸ்டர் பீக் நாளுக்கு நாள் குறைகிறது, ஏன்?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மன்னார்குடி பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். அரிசித் தவிட்டு எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை ஜிசியில் (கேஸ் குரோமட்டோகிராஃபி, கலவையை ஆவியாக்கிப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு பீக்காகக் காட்டும் கருவி) பார்ப்பதுதான் புராஜெக்ட். பத்து நாளாக ஒரே இடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன், அண்ணன்கள் அக்காக்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் இரண்டு வகைத் தவிடு வாங்கி வந்தேன், பச்சரிசி ஓட்டும்போது விழுந்தது ஒன்று, புழுங்கல் ஓட்டும்போது விழுந்தது ஒன்று. இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி லேப் அலமாரியில் வைத்திருக்கிறேன். தேவைப்படும் அன்றைக்குக் கொஞ்சம் எடுத்து சாக்ஸ்லெட்டில் ஹெக்சேன் ஊற்றி எண்ணெய் இறக்குகிறேன். அப்புறம் டெரிவடைசேஷன், அதாவது கொழுப்பை ஜிசியில் எளிதாக ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்றுவது. 0.1 கிராம் எண்ணெயை 2 மி.லி. ஹெக்சேனில் கரைத்து, மெத்தனாலில் போட்ட 2 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மி.லி. விட்டு, மூடி அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, மேல் அடுக்கை எடுத்து இன்ஜெக்ட் செய்கிறேன். எஃப்ஐடி டிடெக்டர், வேக்ஸ் கேப்பிலரி (பிரிப்பு நடக்கும் மெல்லிய குழாய்). இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிடுவதற்காக அளந்து சேர்ப்பது) சி17 மெத்தில் எஸ்டர், அதாவது 17 கார்பன் கொழுப்பு அமிலத்தின் எஸ்டர், அதைக் குலுக்குவதற்கு முன்பே சேர்த்துவிடுகிறேன்.

முதல் நாள் எல்லாம் அழகாக வந்தது. பால்மிடிக், ஒலியிக், லினோலியிக் மூன்றும் புத்தகத்தில் சொன்ன அளவை ஒட்டியே இருந்தன. மூன்றாம் நாள் பச்சரிசித் தவிட்டை மறுபடி எடுத்துச் செய்தால் மொத்தப் பரப்பு சி17ஐ ஒப்பிடும்போது குறைந்திருக்கிறது. ஆறாம் நாள் ஏறக்குறைய 30 சதவீதம் காணோம். பால்மிடிக்கின் பங்கு 20இல் இருந்து 17க்கு இறங்கிவிட்டது. பொட்டாஷ் (அந்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) விட்டுக் குலுக்கினால் கலவை வெள்ளையாகக் கலங்கி, இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஆறின கஞ்சியின் ஆடை மாதிரி ஒரு படலம் நிற்கிறது, அது பிரிய அரை மணி நேரம் ஆகிறது. புழுங்கல் தவிட்டில் இது எதுவுமே இல்லை, முதல் நாள் வந்ததுதான் ஆறாம் நாளும் வந்தது.

ஜிசியின் இன்ஜெக்டரில் லைனர், செப்டம் மாற்றிப் பார்த்தேன். பொட்டாஷ் கரைசலைப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. கைடு சார், "சதவீதம் கூட்டினால் நூறு வருகிறதே, அதை எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, லேப் சுவரெல்லாம் வியர்க்கிறது, ஒருவேளை ஈரம்தான் காரணமா?

குடந்தைக்காரன்:

தங்கச்சி, ஈரத்தை முதலில் சந்தேகப்பட்டது சரி. டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் டெரிவடைசேஷன் செய்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அதில் அடிவாங்கியிருப்போம். மெத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், பாட்டிலைத் திறந்து திறந்து மூடினால் அதன் லேபிளில் போட்டிருக்கும் சுத்தமெல்லாம் பேருக்குத்தான். தண்ணீர் இருந்தால் காரம் கொழுப்பை எஸ்டராக்குவதை விட்டுவிட்டு சோப்பாக்கப் போய்விடும்.

நான் சர்க்கரைகளைச் சிலைலேஷன் (ட்ரைமெத்தில்சிலைல் தொகுதியை ஒட்டவைத்து ஆவியாகும்படி மாற்றுவது) செய்து ஜிசி-எம்எஸ்ஸில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நவம்பர் மாதம் முழுக்க வீணாகப் போனது. குளுக்கோஸ் பீக் காலையில் ஒரு உயரம், சாயங்காலம் அதில் பாதி. என்னடா என்று பார்த்தால் ஃப்ரீசரில் இருந்து எடுத்த எம்எஸ்டிஎஃப்ஏ (சிலைலேஷன் ரீஏஜென்ட்) ஆம்பூலை அறை வெப்பத்துக்கு வர விடாமல் அப்படியே திறந்துகொண்டிருந்தேன், குளிர்ந்த கண்ணாடியில் காற்று ஈரம் முத்து முத்தாகக் கோத்து அதுவும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது பகீரென்றது. ஒரு மூலக்கூறு தண்ணீர் இரண்டு ட்ரைமெத்தில்சிலைல் தொகுதிகளைத் தின்றுவிடும். 100 மைக்ரோ லிட்டர் எம்எஸ்டிஎஃப்ஏ வைத்திருக்கிறாய் என்றால் ஒரே ஒரு மைக்ரோ லிட்டர் தண்ணீர் அதில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஒரு மைக்ரோ லிட்டர் எவ்வளவு என்று நினைக்கிறாய், சாம்பிள் குப்பியின் அடியில் கண்ணில் படாமலே போய்விடக்கூடிய ஒரு குட்டித் துளி.

அதனால் கண்ணாடிச் சாமான்களை 105 டிகிரியில் காயவைத்து டெசிக்கேட்டரில் ஆற விடு. மெத்தனாலில் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ் போட்டு வை, சீவைச் சூடாக்கி உலர்த்திய பிறகு போட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதம் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்புகிற ஊரில் இருக்கிறோம், சால்வென்ட்டுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

தாளடி:

தம்பி சொன்னதில் தப்பு இல்லை, ஆனால் இந்தப் பெண்ணின் சிக்கல் அது இல்லை. கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஒரே மெத்தனால், ஒரே பொட்டாஷ், ஒரே நாள், ஒரே மழை. ஈரம் காரணம் என்றால் புழுங்கல் தவிட்டு எண்ணெயும் கூடவே கெட்டிருக்க வேண்டும். அது அசையவே இல்லையே. அப்படியானால் மாறியது ரீஏஜென்ட் இல்லை, சாம்பிள். சமையல் எண்ணெய் லேபில் 14 வருடமாக இதே வேலை பார்க்கிறேன், இந்தக் கஞ்சி ஆடையை நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். நெல்மணிக்குள் எண்ணெய் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் லைபேஸ் நொதி வேறோர் இடத்திலும் இருக்கும். பாலிஷ் போடும்போது இரண்டும் நசுங்கி ஒன்றாகக் கலந்துவிடும். அந்த நிமிடத்தில் இருந்தே ட்ரைகிளிசரைடு (ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் கோத்த எண்ணெய் மூலக்கூறு) உடைந்து ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் (தனிக் கொழுப்பு அமிலம்) சேர ஆரம்பிக்கும், நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் வேகமாகவே சேரும். புழுங்கல் நெல்லை ஊறவைத்து ஆவி காட்டியிருப்பதால் அந்த நொதி செத்துவிட்டது. உன் பை அலமாரியில் இருந்த ஆறு நாளும் பச்சரிசித் தவிட்டுக்குள் வேலை நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இப்போது உன் டெரிவடைசேஷனுக்கு வா. குளிர்ந்த பொட்டாஷ்-மெத்தனால் முறை ட்ரைகிளிசரைடை மெத்தில் எஸ்டராக மாற்றும், அரை நிமிடத்தில் முடித்துவிடும், அதில் குறையே இல்லை. ஆனால் தனியாக நிற்கும் கொழுப்பு அமிலத்தைக் காரம் எஸ்டராக்காது. அமிலம் காரத்தைக் கண்டதும் பொட்டாசியம் உப்பாகிவிடும். அந்த உப்புதான் சோப்பு. அது மெத்தனால் அடுக்கோடு கீழே போய்விடும், ஹெக்சேனுக்கு வராது, ஜிசிக்கும் வராது. இதில் உண்டாகும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் எஸ்டரையும் சோப்பாக்கும். இந்த முறை அமிலம் குறைந்த எண்ணெய்க்கு மட்டும்தான் என்று முறை விவரத்திலேயே போட்டிருப்பார்கள், நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பால்மிடிக் குறைந்ததையும் நீ கவனித்து எழுதியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். தவிட்டின் லைபேஸ் கிளிசராலின் இரண்டு ஓரங்களில் உள்ள அமிலங்களைத்தான் முதலில் வெட்டும். விதை எண்ணெய்களில் பால்மிடிக் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் உட்கார்ந்திருக்கும், நடு இடத்தில் ஒலியிக்கும் லினோலியிக்கும். ஆக, வெட்டுப்பட்டு வெளியே வந்த அமிலத்தில் பால்மிடிக் அதிகம், அது சோப்பாகித் தொலைந்துபோகிறது. மிச்சத்தை மட்டும் ஜிசி உனக்குக் காட்டுகிறது. நீயே கணக்குப் போட்டுப் பார், மொத்தத்தில் 30 பங்கு ஓரங்களில் இருந்து போனால் பால்மிடிக் 20இல் இருந்து 17 பக்கம்தான் வந்து நிற்கும். உன் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

இதனால்தான் உன் கைடு சொன்ன "கூட்டினால் நூறு" என்பதை ஏற்றுக்கொள்ளாதே. ஏரியா நார்மலைசேஷன், அதாவது பீக் பரப்புகளைக் கூட்டிச் சதவீதமாக்குவது, ஜிசிக்குள் நுழைந்ததை மட்டும் நூறாக்கும், நுழையாததைப் பற்றி அதற்குத் தெரியாது. சி17 மெத்தில் எஸ்டர் போட்டிருந்ததால்தான் இந்தக் குறை வெளியே தெரிந்தது, அது ஏற்கெனவே எஸ்டராக இருப்பதால் வினையில் மாறாமல் நின்றது. அதுவே சி17ஐத் தனி அமிலமாகச் சேர்த்திருந்தால் அதுவும் சோப்போடு போய், ஏதோ தாறுமாறான எண் வந்திருக்கும். ஆனால் இனிமேல் ட்ரைஹெப்டாடெக்கனோயின் வாங்கு, அதாவது சி17இன் ட்ரைகிளிசரைடு. மெத்தில் எஸ்டராகவே சேர்த்தால் உன் வினை முழுசாக நடந்ததா என்று அது சொல்லாது. ட்ரைகிளிசரைடாகச் சேர்த்தால் அதுவும் எண்ணெயோடு சேர்ந்து வினைக்குள் போய் வரும்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள், இதற்கு ஜிசியே தேவையில்லை. ஆறாம் நாள் எண்ணெய் மிச்சம் இருந்தால் 1 கிராம் எடு, நடுநிலையாக்கிய ஆல்கஹாலில் கரைத்து, ஃபீனாஃப்தலீன் விட்டு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய். 28.2ஐ மி.லி. அளவாலும் நார்மாலிட்டியாலும் பெருக்கி எடையால் வகுத்தால் ஒலியிக் கணக்கில் சதவீதம் வரும். அப்புறம் ஒரு சிலிகா டிஎல்சி தட்டு (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டுவது). ஓட்டும் கரைப்பான்: ஹெக்சேன் 80, டைஎத்தில் ஈதர் 20, அசிட்டிக் அமிலம் 1. குலுக்கிய பிறகு கீழ் அடுக்கைக் கொட்டிவிடாதே, அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, ஹெக்சேனில் எடுத்து அதையும் ஒரு புள்ளி வை. தொலைந்துபோனது அங்கே உட்கார்ந்திருக்கும்.

முறையை மாற்ற வேண்டும் என்றால் அமில வினையூக்கிக்குப் போ. 50 மி.கி.க்கு மேல் போகாமல் எண்ணெய் எடு, 1 மி.லி. டொலுவீனில் கரை, உலர்ந்த மெத்தனாலில் 1 சதவீதம் கந்தக அமிலம் 2 மி.லி. விடு. டெஃப்லான் லைனர் வைத்த திருகுமூடிக் குழாயில் 50 டிகிரியில் ராத்திரி முழுக்க வை. காலையில் 5 சதவீத உப்புத் தண்ணீர் 5 மி.லி., ஹெக்சேனால் இரண்டு முறை எடு, 2 சதவீத பொட்டாசியம் பைகார்பனேட்டால் ஒரு கழுவல், பிறகு நீரற்ற சோடியம் சல்ஃபேட் மேல் உலர்த்தல். ட்ரைகிளிசரைடு, தனி அமிலம் இரண்டுமே எஸ்டராகும். டொலுவீனை விட்டுவிடாதே, ட்ரைகிளிசரைடு மெத்தனாலில் சரியாகக் கரையாது, கரையாததோடு வினை எப்படி நடக்கும்? குடந்தைத் தம்பி சொன்ன ஈரக் கவனம் இங்கேதான் ரொம்பத் தேவை, அமிலம் எஸ்டராகும்போது தண்ணீர் வெளியேறும், ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் வினை பாதியில் நின்றுவிடும்.

போரான் ட்ரைஃப்ளூரைடு-மெத்தனாலும் உண்டு, முதலில் மெத்தனாலில் போட்ட காரத்தோடு கொதிக்கவைத்துச் சோப்பாக்கி அப்புறம் அதைச் சேர்ப்பது. நிமிடங்களில் முடியும். ஆனால் குளிரில் வைக்காத பழைய பாட்டிலாக இருந்தால் தேவையில்லாத பீக்குகள் வரும், புதிதாக வாங்க முடிந்தால் மட்டும் செய். டயசோமீத்தேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. நஞ்சு, வெடிக்கவும் செய்யும். மாணவர் லேபில் அதற்கு வேலை இல்லை.

அரவைமில்:

நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை, திருவாரூர் மாவட்டத்தில் மில் வைத்திருக்கிறோம், அப்பா காலத்தில் இருந்து. அக்கா சொன்னதை அப்படியே நாங்கள் மூக்கால் தெரிந்து வைத்திருக்கிறோம். பச்சரிசி ஓடும்போது பாலிஷரில் இருந்து விழும் தவிட்டைக் கையில் அள்ளினால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளங்கையில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும், லேசாக இனிப்பு வாசம் வரும். அதே தவிடு மூட்டையில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் காறல் வாடை அடிக்கும். வீட்டில் கழனித் தண்ணீரில் கலந்து வைத்தால் மாடு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். புழுங்கல் தவிட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு, எண்ணெயும் அதில் கூடுதல், சால்வென்ட் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். பச்சைத் தவிட்டுக்கு நாளானால் விலையைக் குறைத்துவிடுவார்கள். அவர்கள் அமிலம் பார்த்துத்தான் குறைக்கிறார்கள் என்பது தெரியும், என்ன நடந்து அமிலம் ஏறுகிறது என்பது இன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்று கவனியுங்கள் தங்கச்சி. நீங்கள் வாங்கிய மில் பழைய ஹல்லர் மில்லா, இல்லை ரப்பர் ரோல் வைத்த மாடர்ன் மில்லா? ஹல்லரில் உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து விழும், அதில் எண்ணெய் சதவீதம் குறைவாகத்தான் வரும். அதுபோல முதல் பாலிஷ் தவிடும் இரண்டாம் பாலிஷ் தவிடும் ஒன்று இல்லை. எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். குறுவை நெல் இந்த வருடம் மழையில் நனைந்து வந்தது, சம்பா நெல் தை மாதம் வெயிலில் காய்ந்து வரும், அந்தத் தவிடும் வேறு மாதிரிதான் இருக்கும்.

குடந்தைக்காரன்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு, புழுங்கல் தவிடு மாறவில்லை என்ற வரியை நான் வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யாராவது உன்னிடம், "சிலைலேஷன் செய்துவிடு, ஃப்ரீ ஃபேட்டி ஆசிட், மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு எல்லாம் ஒரே ரன்னில் தெரியும்" என்று சொல்லலாம். சொல்வது உண்மைதான், ஆனால் உன்னிடம் இருப்பது வேக்ஸ் கேப்பிலரி. அதன் உள்பூச்சு பாலிஎத்திலீன் கிளைக்கால், சிலைலேஷன் ரீஏஜென்ட் அந்தப் பூச்சோடேயே வினை புரிந்து கெடுத்துவிடும். டிபி-5 மாதிரி வேறு கேப்பிலரி, அதுவும் உயர் வெப்பம் தாங்குவது கிடைத்தால் மட்டும் யோசி. சாம்பிள் குப்பியில் மெத்தனால் ஒரு சொட்டு இருந்தாலும் ரீஏஜென்ட் அதற்கே போய்விடும்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்கு ரொம்பவே. ஐந்து நாள் கழித்து வருகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஆறாம் நாள் எண்ணெய் கொஞ்சம் ஃப்ரிட்ஜில் இருந்தது. 1 கிராமுக்கு 10.6 மி.லி. இறங்கியது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 30 சதவீதம், ஜிசியில் காணாமல் போன அதே அளவு! புழுங்கல் எண்ணெய்க்கு 1.1 மி.லி.யிலேயே இளஞ்சிவப்பு நின்றுவிட்டது, 3 சதவீதம்.

டிஎல்சி தட்டை அயோடின் ஜாடியில் வைத்து மூடிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் ஆனதும் மேலே மெத்தில் எஸ்டர் பழுப்பு மஞ்சளாக எழும்பியது, ஹெக்சேன் அடுக்கின் புள்ளியில் அது மட்டும்தான், ட்ரைகிளிசரைடு இருக்க வேண்டிய இடம் வெறுமை. பக்கத்தில் கீழ் அடுக்கை அமிலமாக்கி எடுத்த புள்ளி, அதில் கொஞ்சம் தாழ்வாக ஒரு பெரிய கறை, ஒலியிக் அமில ஸ்டாண்டர்டுக்கு நேர் எதிரே. பத்து நாளாக நான் சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தது அதுதான். தட்டை அப்படியே எடுத்துப் போய் சாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முறையை மாற்று, பழைய சதவீதம் எதையும் எழுதாதே என்று அவரே சொல்லிவிட்டார்.

கந்தக அமில முறையில் செய்ததில் ஆறாம் நாள் எண்ணெயின் மொத்தம் முதல் நாள் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பால்மிடிக்கும் 20ஐத் தொட்டது. ட்ரைஹெப்டாடெக்கனோயின் ஆர்டர் போட்டிருக்கிறோம், வர நாளாகும், அதுவரை சி17 தனி அமிலம் போடலாமா அக்கா? தவிட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது என்றும் சொல்லுங்கள். அரவைமில் அண்ணா, நான் வாங்கியது மாடர்ன் மில்தான், எந்தக் குழாய் என்று கேட்டு வைக்கவில்லை.

தாளடி:

அமில முறையில் சி17 தனி அமிலம் போடலாம், அதுவும் எஸ்டராகும். ஆனால் தனி அமிலம் சீக்கிரம் எஸ்டராகிவிடும், ட்ரைகிளிசரைடு மெதுவாகத்தான் ஆகும், அதனால் சி17 முழுசாக வந்ததை வைத்து எண்ணெயும் முழுசாக மாறிவிட்டது என்று முடிவு கட்டாதே. அதற்கு அந்த டிஎல்சி தட்டையே ஒவ்வொரு பேட்சுக்கும் ஒன்று போடு, ட்ரைகிளிசரைடு இடம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்.

தவிட்டுக்கு, மில்லில் இருந்தே ஐஸ் பெட்டியில் கொண்டு வந்து அன்றைக்கே எண்ணெய் இறக்கு. லைபேஸ் தவிட்டில்தான் வேலை செய்யும், எண்ணெயைப் பிரித்துவிட்டால் அதோடு நின்றது. அன்றைக்கு முடியாவிட்டால் ஃப்ரீசர், ஆனால் குளிர் நொதியைத் தூங்கவைக்குமே தவிரக் கொல்லாது. நாள் கணக்கில் வைக்க வேண்டிய பங்கை மட்டும் இட்லிக் கொப்பரையில் மெல்லிசாகப் பரப்பி ஆவி காட்டி, உடனே தட்டில் கொட்டி ஓவனில் நன்றாக உலர்த்தி வை. ஆவி காட்டிய தேதியைப் பையின் மேல் எழுது.

அரவைமில்:

பச்சரிசி எல்லா நாளும் ஓடாது தங்கச்சி, ஆர்டர் வந்தால்தான் போடுவோம். இந்த வாரம் வியாழக்கிழமை காலை ஓட்டுகிறோம். எங்கள் மில்லுக்கு வருவதானால் எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், முதல் பாலிஷ் குழாய்க்கு அடியிலேயே உங்கள் பெட்டியை வைத்துப் பிடித்துத் தருகிறேன்.